எல். சிலுவைராஜ் அவர்களுக்கு

ஜெர்மனி
14 அக்டோபர் 1978

அன்புத் தங்கை லூர்துமேரிக்கு,

அப்பா, அம்மா, நீ மூன்று பேரும் சுகமாக இருப்பீர்கள் என்று மாதாவை நம்பி எழுதுகிறேன். நானும் சுகம்தான். மூக்கு மட்டும் வந்த நாளிலிருந்து ஒழுகுகிறது. அதை அம்மாவிடம் சொல்லாதே. மூன்று வேளையும் சாப்பிடுகிறான் என்று மட்டும் சொல்.

விமான நிலையத்தில் ஒருவர் 'ஹெர் சிலுவைராஜ்' என்று எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்பா எப்போது வந்தார் என்று ஒரு கணம் திரும்பிப் பார்த்தேன். இந்த நாட்டில் கடைசியில் இருக்கும் பெயர்தான் ஆளுக்குப் பெயர். லாசரஸ் என்பது ஓர் எழுத்தாகச் சுருங்கிவிட்டது. பி.எஸ்.ஏ. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற சிலுவைராஜுக்கு ஜெர்மனியில் இவ்வளவு மரியாதை என்று அப்பாவிடம் சொல், இன்னொரு கோப்பி குடிப்பார்.

நேற்று சுரங்கத்துக்குள் கூட்டிப் போனார்கள். தரைக்கு அடியில் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் சுற்றி வருகிற வளையம். அதற்குள் கை நுழையும் அளவுக்கு ஓர் உலோகக் குழாய், குழாய்க்குள் காற்றே கிடையாது. எலக்ட்ரான் கூட்டம் ஒன்று அதில் நொடிக்கு ஒரு லட்சம் தடவைக்கு மேல் சுற்றுகிறது. வழி நெடுகக் காந்தங்கள் அதைப் பிடித்து வளைத்துக்கொண்டே இருக்கின்றன. அந்தக் கூட்டத்தைச் சிதறாமல் சுற்ற வைப்பதுதான் என் முனைவர் ஆய்வு. கேட்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது. செய்யும்போது பயமாக இருக்கிறது.

லூர்து, ஒன்று உறுத்துகிறது. நான் ராணுவ சேவை முடித்து வந்து உன்னோடு ஒரே வகுப்பில் உட்கார்ந்து உன் நோட்டைப் பார்த்துப் படித்தவன். இரண்டு பேரும் ஒரே உறையில் விண்ணப்பம் போட்டோம். ஒரே ஒரு பதில் வந்தது. உனக்கு 'இல்லை' என்றுகூட ஒரு வரி எழுதாமல் விட்டுவிட்டார்களே, அது எனக்கு மரியாதையாகப் படவில்லை. இங்கே கேட்டுப் பார்க்கட்டுமா?

அம்மாவின் ஜெபமாலையில் எனக்கும் ஒரு மணி ஒதுக்கச் சொல்.

உன் அண்ணன்,
லாசரஸ்


கெர்பாவ் ரோடு, சிங்கப்பூர்
9 நவம்பர் 1978

அன்புள்ள அண்ணனுக்கு லூர்து எழுதிக்கொள்வது,

இங்கே எல்லோரும் நலம். உன் மூக்கின் நலம் அறிய ஆவல். அம்மாவிடம் சொல்லவில்லை, ஆனால் கடிதத்தில் ஒரு மூலை நனைந்து காய்ந்திருந்ததைப் பார்த்து அவர்களே கண்டுபிடித்துவிட்டார்கள். தைலம் ஒரு டப்பா பார்சலில் வருகிறது.

அப்பா இன்னும் நிறுத்தவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் ஓஃபிர் ரோடு கோயிலில் பூசை முடிந்ததும் வாசலில் நின்று, இன்னும் கேள்விப்படாதவர் யாராவது இருக்கிறாரா என்று பார்க்கிறார். போன வாரம் ஒருவரும் மிஞ்சவில்லை. தேக்கா மார்க்கெட்டில் ஆட்டிறைச்சிக் கடை ஒலி முகம்மதுவைப் பிடித்து, அணுவை விடச் சின்னதைத் தன் மகன் மேய்க்கிறான் என்று சொல்லியிருக்கிறார்.

எனக்குப் பள்ளிக்கூட வேலை பழகிவிட்டது. தேக்காவில் பஸ் ஏறினால் புக்கிட் பாஞ்சாங் போக முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. புக்கிட் தீமா ரோடு நேராகப் போகிறது; உள்ளே உட்கார்ந்து நான் மட்டும் வளைந்துகொண்டிருக்கிறேன். கண்ணைத் திறந்து வைத்திருந்தாலும் மழை மரங்கள் போய் அந்தச் சுரங்கம் வந்துவிடுகிறது. நீ சொன்ன குழாயில் நானே ஓர் எலக்ட்ரானாகப் போகிறேன். காற்று இல்லை, சத்தம் இல்லை, எடைகூட இல்லை. ஒவ்வொரு காந்தமும் தோளைத் தொட்டுத் திருப்பிவிடுகிறது. முந்தாநாள் அப்படிப் போய்க்கொண்டிருந்தபோது கண்டக்டர் வந்து, "டீச்சர், கடைசி ஸ்டாப் லா. ஸ்கூல் தாண்டி ரொம்ப நேரமாச்சு" என்றார்.

காந்தங்கள் மொத்தம் எத்தனை? எல்லாம் ஒரே நீளமா? கூட்டம் ஒரு சுற்றுக்கு எத்தனை தடவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலைகிறது? குழாயின் உள்பக்கம் பளபளப்பா, மங்கலா? ஒன்று விடாமல் எழுது.

என் விண்ணப்பத்தைப் பற்றி அங்கே யாரிடமும் கேட்க வேண்டாம். அது சேர வேண்டிய இடத்தில் சேர்ந்தது, அதோடு விடு.

தைலத்தை மறக்காமல் தேய்த்துக்கொள்.

தங்கை,
லூர்து


ஜெர்மனி
20 ஜனவரி 1979

அன்புத் தங்கைக்கு,

புது வருடம் உங்களுக்கு நல்லபடியாகப் பிறந்திருக்கும். இங்கே பனியில் பிறந்தது. உடம்புக்குக் குறைவில்லை, தைலம் வந்து சேர்ந்தது, பக்கத்து அறைக்காரர்கள் வாசனை பிடித்து வந்து விசாரித்தார்கள்.

மனதுக்குத்தான் குறை. எனக்கு இந்தப் பாடம் ஓடவில்லை, லூர்து. சுற்றுக்கு எத்தனை அலைவு என்று நீ கேட்ட அந்த எண்ணைச் சுற்றியேதான் இங்கே எல்லாப் பேச்சும். அது முழு எண்ணாக இருக்கக் கூடாது, முழு எண்ணுக்குப் பக்கத்தில்கூடப் போகக் கூடாது என்கிறார்கள். ஏன் என்று கேட்டால் இரண்டு பக்கம் சமன்பாடு எழுதுகிறார்கள். நான் அதைக் காப்பி எடுத்துக்கொண்டு வந்து அறையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பம்புகளோடு வேலை செய்யும் நாட்களில் மட்டும் மனசு லேசாக இருக்கிறது. குழாயிலிருந்து கடைசிக் காற்றையும் உறிஞ்சி எடுக்கும் பம்புகள் அவை. கையால் செய்கிற வேலை எதுவும் எனக்குக் கஷ்டமாக இல்லை.

ஒரு விநோதம் கேள். எங்கள் பேராசிரியர் நல்ல மனிதர், அறுபது வயது இருக்கும். கிறிஸ்துமஸ் விருந்தில் என்னிடம் வந்து, உன் தாயார் இன்னும் ஜெபமாலையில் அதே மணியில்தான் தூங்குகிறாரா என்று கேட்டார். நான் விழித்தேன். ஆமாம் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே தோளைத் தட்டிவிட்டுப் போனார். அம்மா ஜெபமாலையில் தூங்குவது கெர்பாவ் ரோடு தாண்டி யாருக்குத் தெரியும்? விண்ணப்பத்தோடு கேட்ட கட்டுரையில் சிங்கப்பூர் வளரும் நாடு, விஞ்ஞானம் நாட்டுக்குத் தேவை என்று எழுதினேனே தவிர, அம்மாவைப் பற்றி நான் ஒன்றும் எழுதவில்லை.

அந்த முழு எண் விஷயத்தை எனக்குப் புரிகிற மாதிரி நீ சொல்.

அண்ணன்,
லாசரஸ்


கெர்பாவ் ரோடு
5 மார்ச் 1979

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம், நலமே வேண்டுகிறேன். தவக்காலம் என்பதால் அம்மா மீனும் இல்லாமல் சமைக்கிறார்கள். அப்பாவின் முகத்தைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது.

பேராசிரியர் கேட்டதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. அவரும் கத்தோலிக்கராக இருப்பார். எந்தக் கத்தோலிக்க அம்மா ஜெபமாலையில் தூங்கவில்லை?

முழு எண்ணுக்கு வருவோம். ஒரே வட்டத்தில் சுற்றிச் சுற்றி வருகிற பஸ்ஸை நினைத்துக்கொள். வழியில் ஒரே ஒரு பள்ளம். பள்ளத்தில் விழுந்ததும் பஸ் ஸ்பிரிங் மேலும் கீழும் ஆட ஆரம்பிக்கிறது. ஒரு சுற்று முடிந்து மறுபடி பள்ளத்துக்கு வரும்போது அது சரியாக முழு எண் தடவை ஆடி முடித்திருந்தால், முதலில் இருந்த அதே நிலையில் இருக்கும். பள்ளம் அதே பக்கம் தள்ளும். அடுத்த சுற்றும் அதே தள்ளு. குலுக்கல் மேல் குலுக்கல் சேர்ந்து கடைசியில் ஆட்கள் ஜன்னல் வழியாக வெளியே விழுவார்கள். முழு எண் இல்லாமல் கொஞ்சம் முன்பின் இருந்தால் ஒரு சுற்றில் இந்தப் பக்கம் தள்ளும், மறு சுற்றில் அந்தப் பக்கம் தள்ளும். ஒன்றை ஒன்று கழித்துக்கொள்ளும். பள்ளத்தை யாராலும் முழுதாக அடைக்க முடியாது, அண்ணே. எந்த நிலையில் அதைச் சந்திக்கிறோம் என்பதைத்தான் மாற்றிக்கொள்ள முடியும். சமன்பாடு இதைத்தான் இரண்டு பக்கத்துக்குச் சொல்கிறது.

இதை எழுதும்போது பள்ளிக்கூடத்தில் மணி அடித்தது எனக்குக் கேட்கவில்லை. நாற்பது பிள்ளைகள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

காந்தக் கணக்கை இன்னும் நீ அனுப்பவில்லை.

லூர்து


ஜெர்மனி
17 ஜூன் 1979

அன்புத் தங்கைக்கு,

எல்லோரும் சுகமா? பிடோக்கில் வீட்டுச் சாவி கிடைத்துவிட்டது என்று அப்பா எழுதியிருந்தார். சந்தோஷம். என் உடம்பும் தேறிவிட்டது.

உன் பஸ் என்னைக் காப்பாற்றியது. வாராந்தரக் கூட்டத்தில் எழுந்து அப்படியே சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள், நல்ல சிரிப்பு. பேராசிரியர் மட்டும், "இது நல்ல உவமை, ஆனால் உன் முதல் உவமைதான் எனக்குப் பிடிக்கும்" என்றார். எது முதல் உவமை என்று தெரியவில்லை. தலையாட்டி வைத்தேன்.

அன்று மாலை ஒரு கண்ணாடி வழியாக எங்களுக்கு அந்த ஒளியைக் காட்டினார்கள். எலக்ட்ரான்கள் வளைவில் திரும்பும்போது ஒளி விடும், நாம் பாடத்தில் படித்ததுதான். நீலமும் வெள்ளையுமாகச் சின்னதாக, அசையாமல் நின்றது. நொடிக்கு லட்சம் தடவை ஓடுகிற ஒன்று அப்படி அசையாமல் நிற்கிறது. மற்றவர்கள் காப்பி குடிக்கப் போய்விட்டார்கள். இதைப் பார்க்க வேண்டியது லூர்து அல்லவா என்று நினைத்துக்கொண்டு நான் மட்டும் அங்கேயே நின்றேன்.

இப்போது ஒரு சிக்கல். எலக்ட்ரான் கூட்டம் எட்டு மணி நேரம் சுற்ற வேண்டியது நாற்பது நிமிடத்தில் செத்துப்போகிறது. இரண்டு மாதமாக யாருக்கும் காரணம் பிடிபடவில்லை. பம்புகளை நான் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டேன், குற்றம் அங்கே இல்லை. நீ கேட்ட காந்தக் கணக்கு, அலைவு எண், எல்லாம் தனித் தாளில் வைத்திருக்கிறேன். முடிந்தால் பார்.

லாசரஸ்


பிடோக், சிங்கப்பூர்
2 செப்டம்பர் 1979

அண்ணனுக்கு,

நலம். புது வீடு ஒன்பதாம் மாடியில், கடல் காற்று கொடியில் போட்ட துணியை எல்லாம் தூக்கிக்கொண்டு போகிறது. கீழ் வீட்டு ருக்கையா அக்கா தினமும் எங்கள் தலையணை உறையை மடித்துக் கொண்டுவந்து தருகிறார்கள்.

ஏழு வாரம் தூக்கத்திலும் உன் எண்களோடுதான் இருந்தேன். ஜன்னலில் நின்றால் கடலைத் தூர்த்த வெறும் மண் தெரிகிறது. அதன் அடியில் உன் வளையத்தை வைத்துப் பார்க்கிறேன், நன்றாகப் பொருந்துகிறது. பகல் வெயிலில் அந்த மண்ணுக்குக் கீழே நீலமாக ஏதோ ஓடுவதுபோல எனக்கே தோன்ற ஆரம்பித்துவிட்டது. அம்மா என் கையிலிருந்து சாம்பார்க் கரண்டியை வாங்கிக்கொண்டார்கள்.

சிக்கல் இதுதான். முழு எண்ணை விட்டு நீங்கள் நன்றாக விலகித்தான் இருக்கிறீர்கள். ஆனால் மூன்றில் ஒரு பங்கை மறந்துவிட்டீர்கள். காந்தங்கள் சூடாகச் சூடாக அலைவு எண் மெதுவாக நகர்கிறது. நாற்பதாம் நிமிடத்தில் ஒரு முழு எண்ணும் மூன்றில் ஒரு பங்குமாக வந்து நிற்கிறது. பிறகு மூன்று சுற்றுக்கு ஒரு தடவை அதே நிலையில் அதே பள்ளம். கணக்கு நான்கு பக்கம், இத்துடன் இருக்கிறது. ஆரம்ப எண்ணை எவ்வளவு கீழே வைக்க வேண்டும் என்று கடைசிப் பக்கத்தில் கோடிட்டிருக்கிறேன்.

சந்தோஷமாக இருக்கிறேன், அண்ணே. இவ்வளவு சந்தோஷமாக இருந்து ரொம்ப நாளாகிறது.

இது யார் போட்ட கணக்கு என்று அங்கே யாரும் கேட்கமாட்டார்கள். நீயும் கேட்கிற ஆள் இல்லை.

லூர்து


ஜெர்மனி
8 டிசம்பர் 1979

லூர்து,

எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். நான் நலமாக இல்லை.

நீ கோடிட்ட எண்ணை வைத்தார்கள். கூட்டம் ஏழரை மணி நேரம் சுற்றியது. பேராசிரியர் என்னைத் தம் அறைக்குக் கூப்பிட்டு, தம் தேர்வு வீண்போகவில்லை என்று சொல்லி, அலமாரியிலிருந்து என் கோப்பை எடுத்தார். எனக்குக் காட்டத்தான் எடுத்தார், பாவம்.

அதில் இரண்டு கட்டுரைகள் ஒன்றாகக் குத்தப்பட்டிருந்தன. மேலே நான் தட்டச்சு செய்தது. அடியில் சாய்ந்த எழுத்தில் ஒன்று. 'என் தாயாரின் ஜெபமாலை ஏன் எப்போதும் ஒரே இடத்தில் அறுகிறது' என்று தொடங்குகிறது. அம்மா தூங்கித் தலை சாயும்போதெல்லாம் கை மாலையை இழுக்கிறது. மாலையின் மொத்த மணிகளைச் சரியாக வகுக்கிற எண்ணிக்கைக்கு ஒரு தடவை தூக்கம் வந்தால் தினமும் அதே மணியில் இழுப்பு விழுந்து நூல் அறுந்துவிடும். வகுபடாத எண்ணிக்கையில் தூங்கினால் இழுப்பு எல்லா மணிக்கும் பிரிந்துபோய் மாலை ஆயுசுக்கும் நிற்கும். எலக்ட்ரான் வளையமும் அப்படித்தான் என்று இரண்டே பக்கத்தில் முடித்திருக்கிறாய். கீழே எல். சிலுவைராஜ் என்று கையெழுத்து. என் கையெழுத்தும் எல். சிலுவைராஜ்தான். மதிப்பெண் பட்டியலிலும் அதே பெயர், அதே முகவரி, ஒரே உறை. ஒரே ஆள் இரண்டு கட்டுரை அனுப்பியிருக்கிறான் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

"முதலாவது சுமார்தான். இரண்டாவதற்காகத்தான் உனக்கு இடம் கொடுத்தேன்" என்றார் அவர். "கடிதத்தோடு என் கைப்பட ஒரு தாள் வைத்திருந்தேனே, அதில் எழுதியிருந்தேனே."

அந்தத் தாள் எனக்கு வரவில்லை, லூர்து. அந்த உறையைப் பிரித்தது நீ.

நான் அவரிடம் ஒன்றும் சொல்லாமல் வந்து பனியில் நின்றேன். இது உன் இடம். அந்தத் தாள் எங்கே?

லாசரஸ்


ஜெர்மனி
16 பிப்ரவரி 1980

லூர்து,

சுகமா? பத்து வாரம் ஆகிவிட்டது. அம்மா உன்னைப் பற்றி எழுதும்போது, பள்ளிக்கூடம் போகிறாள், சாப்பிடுகிறாள், ஜன்னலில் நிற்கிறாள் என்று மட்டும் எழுதுகிறார்கள்.

நான் பெட்டியைக் கட்டிவிட்டு ஊருக்கு வந்துவிடலாமா என்று பார்க்கிறேன். திட்டியாவது ஒரு வரி எழுது.

லாசரஸ்


பிடோக்
குருத்து ஞாயிறு, 30 மார்ச் 1980

அண்ணனுக்கு,

வீட்டில் எல்லோரும் சுகம். என் சுகத்தைக் கேட்டாய். சொல்கிறேன்.

தாள் என்னிடம் இருக்கிறது. பதில் வந்த அந்தச் சனிக்கிழமை மாடிப்படியிலேயே உறையைப் பிரித்தேன். முதல் தாளைப் படித்தபோது நம் இருவரில் யாருக்கு என்று தெரியவில்லை. இரண்டாவது தாளில், உங்கள் தாயாரின் தூக்கத்துக்கு எங்கள் ஆய்வுக்கூடம் கடமைப்பட்டிருக்கிறது என்று எழுதியிருந்தார். அந்த வரியை இன்னொரு தடவை படித்தேன். அப்போதுதான் நீயும் அப்பாவும் கீழிருந்து ஏறி வந்தீர்கள். அப்பா ஜெர்மன் கப்பல்காரர்களோடு பழகியவர் இல்லையா, முதல் தாளை வாங்கிப் பார்த்தவுடன், "ஹெர்னா மிஸ்டர்தானே. லாசரஸ், ஒனக்கு வந்துருச்சுப்பா" என்றார். நீ படியிலேயே உட்கார்ந்து அழுதாய். 'அப்பா, அது எனக்கு' என்று மூன்றே வார்த்தை சொல்ல வேண்டியிருந்தது. அவர் அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டே உள்ளே போகும் வரை எனக்கு நேரம் இருந்தது.

நான் தியாகம் செய்தேன் என்று நினைத்து என் படத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிடாதே. எனக்குப் பயம் வந்துவிட்டது. அதுவரை பஸ்ஸில் உட்கார்ந்து கண்ட கனவு. கனவில் யாரும் தோற்பதில்லை. நிஜமாகக் கையில் வந்ததும், அம்மா தூங்குவதை வைத்து ஒரு வேடிக்கை எழுதியதற்காகவா இவ்வளவு தூரம் கூப்பிடுகிறார்கள், போனால் எனக்கு வேறொன்றும் தெரியாது என்று கண்டுபிடித்துவிடுவார்களே என்றுதான் தோன்றியது. நீ அழுதது எனக்கு வசதியாகப் போயிற்று. உனக்குக் கொடுத்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டேன்.

அப்புறம் வந்தது கோபம். உன் ஒவ்வொரு கடிதத்துக்கும் கோபம். நீலமும் வெள்ளையுமாக நின்றது என்று எழுதினாயே, அன்று பாத்திரங்களைத் தேய்த்த தேய்ப்பில் அம்மா பயந்துவிட்டார்கள். என் கணக்குக்கு வளையம் ஏழரை மணி நேரம் சுற்றிய அன்று நான் அங்கே இல்லை. அதை நினைத்துத்தான் இத்தனை வாரம் எழுத முடியவில்லை.

நீ பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்தால் எனக்கு அந்த இடம் வந்துவிடாது. இரண்டு பேருக்கும் இல்லாமல் போகும். எனக்கு அது வேண்டும், அண்ணே. இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் வேண்டும். இதைச் சொல்ல எனக்கு இரண்டு வருடம் ஆயிற்று. என்ன செய்வாயோ, செய்.

லூர்து


ஜெர்மனி
27 ஏப்ரல் 1980

அன்புத் தங்கைக்கு,

உயிர்த்த ஆண்டவர் வீட்டில் எல்லோரையும் காப்பாராக. உன் கடிதம் வந்த மறுநாள் காலை பேராசிரியரிடம் போனேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். ஜெபமாலை உன்னுடையது, பஸ் உன்னுடையது, மூன்றில் ஒரு பங்கும் உன்னுடையது. நீ எழுதிய நான்கு பக்கத்தையும் மேசையில் வைத்தேன். அவர் கட்டுரையைப் பக்கத்தில் வைத்து இரண்டு கையெழுத்தையும் பார்த்தார். பிறகு, "நான் ஒன்றரை வருடமாகத் தவறான ஆளிடம் அம்மாவை விசாரித்துக்கொண்டிருந்தேனா" என்று கேட்டார். கோபமா, சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டு வாரம் குழு கூடிப் பேசினார்கள். இடம் எல். சிலுவைராஜுடையது, அதில் மாற்றம் இல்லை. அக்டோபர் முதல் நாளிலிருந்து மூன்று வருடம் முழுதாக உனக்கு. கடிதம் உனக்கே தனியாக வரும். பெயரை முழுதாகத் தட்டச்சு செய்யச் சொல்லி நானே பக்கத்தில் நின்று எழுத்துக் கூட்டினேன். என்னை அனுப்பவில்லை. பம்புப் பிரிவில் தொழில்நுட்பராக இருந்துகொள் என்றார்கள். வெட்கமாக இருக்கும் என்று நினைத்தேன். முதல் நாள் கையில் ஸ்பானரை எடுத்தபோது ஒன்றரை வருடத்தில் முதல் தடவையாக எனக்குப் பசித்தது.

இனி ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் நீ இங்கே வரக் கூடாது.

அந்தச் சனிக்கிழமை நான் படியேறி வந்தபோது உன் கையில் இரண்டு தாள் இருந்தது. நான் பார்த்தேன். அப்பா ஒன்றை வாங்கினார். மற்றதை நீ முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாய். அது என்ன என்று கேட்டால் என்ன ஆகும் என்று எனக்கு உள்ளுக்குள் தெரிந்தது, லூர்து. வகுப்பில் உன் நோட்டைப் பார்த்து எழுதியவனுக்குத் தெரியாதா. அதனால்தான் உட்கார்ந்து அழுதேன். நீ சொல்லாமல் இருந்தாய். நான் கேட்காமல் இருந்தேன். இரண்டில் என்னுடையதுதான் பெரிது.

மன்னிக்கச் சொல்லிக் கேட்க வாய் வரவில்லை.

லாசரஸ்


பிடோக்
22 ஜூன் 1980

அன்புள்ள அண்ணனுக்கு லூர்துமேரி எழுதிக்கொள்வது,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும் என்றுதான் இப்போதும் வேண்டிக்கொள்கிறேன்.

என் கடிதம் வந்துவிட்டது. போன மாதம் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டார். பிறகு, "கவர்ல யாரு பேரும்மா இருந்துச்சு?" என்று கேட்டார். உங்கள் பேர்தான் இருந்தது என்றேன். "அப்ப நாந்தானே கேட்டிருக்கணும், ரெண்டு பிள்ளைல யாருக்குன்னு. கேக்காமலே எடுத்துக் குடுத்துட்டேன்" என்றார். வீடு வரும் வரை என் கையை விடவில்லை. அடுத்த ஞாயிறு கோயில் வாசலில் நின்று, முன்பு சொன்ன அத்தனை பேரையும் தேடிப் பிடித்து, லாசரஸுக்கு இல்லை, லூர்துக்கு என்று திருத்திச் சொன்னார். அவருக்கு எவ்வளவு கூச்சமாக இருந்திருக்கும் என்று உனக்குத் தெரியும். ஒருவரையும் விடவில்லை. அம்மாவின் மனக்குறை வேறு: தான் ஜெபமாலையில் தூங்கியதே கிடையாது என்று என்னோடு பேசாமல் இருக்கிறார்கள்.

உன் கடைசிக் கடிதத்துக்குப் பதில் எழுதத்தான் இவ்வளவு நாள். மன்னித்துவிட்டேன் என்று எழுத உட்கார்ந்தேன், கை எழுதவில்லை. மன்னிக்கமாட்டேன் என்றும் எழுதிப் பார்த்தேன், அதுவும் பொய்யாக இருந்தது. நீ அன்று படியில் கேட்டிருந்தால் நான் உண்மையைச் சொல்லியிருப்பேனா என்பது எனக்கே தெரியவில்லை. இதற்கு நாம் ஒரு பெரிய சண்டை போட வேண்டும். அது ஏர்மெயில் தாளில் முடிகிற காரியம் இல்லை.

செப்டம்பர் இருபத்தேழு, சனிக்கிழமை, பாயா லேபாரில் ஏறுகிறேன். விமான நிலையத்தில் நீ நின்றுகொண்டு மன்னிப்பு, அது இது என்று தொடங்கிவிடாதே. நான் எல்லோர் முன்னாலும் அழுதுவிடுவேன். ஒன்றும் பேசாமல் பெட்டியை வாங்கிக்கொண்டு நேரே அந்த ஒளி தெரிகிற கண்ணாடிக்கு முன்னால் கொண்டுபோய் என்னை நிறுத்து. நான் பார்த்து முடிக்கிற வரை பக்கத்தில் நில். சண்டையை அப்புறம் ஆரம்பிக்கலாம்.

உன் தங்கை,
லூர்துமேரி